உள்ளே இருக்கும் பல பேர்: மனவடு சிகிச்சையில் 'பாகங்களோடு' பேசுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டரோ கவுன்சிலரோ இல்லை. ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறவள். சின்ன வயதில் வீட்டில் பட்டது பெரிய வயதில் உடம்பைப் படுத்த ஆரம்பித்ததால் இரண்டரை வருஷம் மனவடு, அதாவது ட்ராமா, சிகிச்சைக்குப் போனேன். அது தெரிந்தவர்கள் மாறி மாறி ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே.

'பாகம்' என்று எதைச் சொல்கிறார்கள்?

"ஒரு மனசு போகலாம்ங்குது, இன்னொரு மனசு வேணாம்ங்குது" என்று நாமே தினமும் சொல்கிறோம். அரை மனசோடு ஒத்துக்கொண்டேன் என்கிறோம். சங்க அகப்பாடல்களில் தலைவன் தன் நெஞ்சைத் தனி ஆளாக எதிரே நிறுத்தி வைத்து அதோடு சண்டை போடுகிறான். ஆக, மனசு ஒரே கட்டையால் ஆனது இல்லை என்பது நமக்குப் புதுச் செய்தி கிடையாது.

எல்லோருக்கும் இப்படிப் பல மனசு உண்டு, ஆனால் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். சின்ன வயதில் திரும்பத் திரும்ப அடி, பயம், அத்துமீறல் என்று பட்டவர்களுக்கு அந்தப் பேச்சுவார்த்தை அறுந்துபோயிருக்கும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பத்து வருஷமாகப் பேசாத சொந்தக்காரர்கள் மாதிரி, ஒருத்தர் சமையலறையில் என்ன செய்கிறார் என்று திண்ணையில் இருப்பவருக்குத் தெரியாது. அந்த ஒவ்வொருவரையும்தான் 'பாகம்' என்கிறார்கள். 'பகுதி' என்றும் சொல்லலாம், எனக்கு இரண்டுமே கொஞ்சம் மெக்கானிக் ஷெட் வாசனை அடிக்கிறது, அதனால் நான் 'ஆள்' என்றே சொல்லிவிடுவேன்.

எனக்கு அப்படி ஆட்கள் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?

என் கதையைச் சொல்கிறேன். மேனேஜர் தன் அறையிலிருந்து "ஒரு நிமிஷம் வாங்க" என்று கூப்பிடுவார். நல்ல மனுஷர், குரல் உயர்த்திப் பேசிக்கூட நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த நொடியில் என் கை சில்லிட்டுப்போகும், காது அடைத்துக்கொள்ளும், அவர் முன்னால் நின்று "சரிங்க சார், சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தால் அவர் என்ன சொன்னார் என்பதே நினைவில் இருக்காது. அடுத்த ஒரு மணி நேரம் உள்ளே ஒரு குரல் திட்டிக்கொண்டே இருக்கும்: தண்டம், எதுக்குடி நீ லாயக்கு. ராத்திரி வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் பதினொரு மணி நேரம் தூங்குவேன்.

உறைந்து நின்றது ஒரு ஆள். திட்டியது வேறொரு ஆள். தூங்கவைத்தது மூன்றாவது ஆள். இதெல்லாம் என் குணம் என்றுதான் முப்பத்தாறு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியென்றால் இது சினிமாவில் வருகிற 'ஒரு உடம்பு, பல ஆள்' நோயா?

இல்லை. சினிமா அந்த நோய்க்குச் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சம் இல்லை, அதில் வருகிறவர் பெரும்பாலும் கொலைகாரர். நிஜத்தில் அந்த நோய் உள்ளவர்களில் பலர் சிறுவயதில் கடுமையாகக் கொடுமைப்படுத்தப்பட்டவர்கள். 'பல ஆளுமை' என்ற பெயரையே அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994-ல் மாற்றி டிஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர் என்று வைத்தது. பல முழு மனிதர்கள் ஒரே உடம்பில் குடியிருக்கவில்லை, ஒரே மனிதர்தான் சேர முடியாமல் சிதறிக் கிடக்கிறார் என்பதுதான் அந்தப் புதுப்பெயரின் அர்த்தம்.

எனக்கு இருந்தது அது இல்லை. ஆனால் நீங்கள் செய்ததாக மற்றவர்கள் சொல்வது உங்களுக்கு நினைவே இல்லை, மணிக்கணக்கில் நேரம் காணாமல் போகிறது, வாங்கியதாக ஞாபகமே இல்லாத பொருள் பீரோவில் இருக்கிறது என்றால், இந்தப் பக்கத்தைப் படித்து எதையும் முயற்சி செய்யாமல் நேராக மனநல மருத்துவரிடம் போங்கள்.

இது யார் கண்டுபிடித்தது? இன்ஸ்டாகிராமில் வந்த புது ஃபேஷனா?

பழசு. பிரான்சில் பியர் ஜானே என்பவர் 1889-லேயே, தாங்க முடியாத நினைவு மனதின் மற்ற பகுதியிலிருந்து பிரிந்து தனியாக ஓடிக்கொண்டிருக்கும் என்று எழுதினார். அப்புறம் முதல் உலகப்போர். சார்லஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் போர்முனையிலிருந்து வந்த சிப்பாய்களைப் பார்க்கிறார். ஒரே சிப்பாய் ஒரு நேரம் சாப்பிட்டு, கேட்டதற்குப் பதில் சொல்லி, சாதாரணமாக இருக்கிறார். இன்னொரு நேரம் குண்டு விழுந்த அந்தக் கணத்திலேயே இருக்கிறார். முதலாவதை 'பார்வைக்குச் சாதாரணமான' ஆளுமை என்றும் இரண்டாவதை 'உணர்ச்சி' ஆளுமை என்றும் 1940-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். பல பத்தாண்டுகள் கழித்து நெதர்லாந்து உளவியலாளர் ஓனோ வான் டெர் ஹார்ட்டும் அவர் சகாக்களும் அதே சொற்களை எடுத்துத்தான் தங்கள் கோட்பாட்டைக் கட்டினார்கள்.

இன்று அதிகம் காதில் விழுகிற ஐஎஃப்எஸ், அதாவது இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ், 1980-களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் உருவாக்கியது. அவர் குடும்ப சிகிச்சை செய்தவர். அள்ளி அள்ளித் தின்றுவிட்டு வாந்தி எடுக்கும் பழக்கத்தில் மாட்டிக்கொண்ட இளம்பெண்கள் "எனக்குள்ள ஒண்ணு இப்படிச் சொல்லுது, இன்னொண்ணு அப்படிச் சொல்லுது" என்று பேசுவதைக் கேட்டு, இதுவும் ஒரு குடும்பம் மாதிரிதானே இருக்கிறது என்று யோசித்தாராம். குடும்பச் சண்டையை விலக்கத் தெரிந்தவருக்கு அப்படித் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

உள்ளே யார் யார் இருப்பார்கள்?

ஐஎஃப்எஸ் மூன்று வகை சொல்கிறது. அடிபட்ட ஆள், அவரை யாரும் பார்க்காதபடி உள்ளறையில் பூட்டி வைத்திருப்போம். இரண்டாவது மேனேஜர் (ஆமாம், என் விஷயத்தில் வேடிக்கையான பொருத்தம்): திட்டுவது, திட்டமிடுவது, எல்லோருக்கும் நல்லபிள்ளையாக நடப்பது, தப்பே வராமல் பார்த்துக்கொள்வது இவர் வேலை. மூன்றாவது தீயணைப்பு வீரர். உள்ளறைக் கதவு திறந்துகொண்டு வலி வெளியே வர ஆரம்பித்தால், வீடு நனைந்தாலும் பரவாயில்லை என்று தண்ணீரைப் பீய்ச்சுவார்; குடி, அளவில்லாத தூக்கம், விடிய விடிய போன், கையைக் கீறிக்கொள்வது எல்லாம் இவர் கைங்கரியம். மேனேஜரும் தீயணைப்பு வீரரும் உள்ளறைக்குக் காவல்காரர்கள்.

இவர்கள் போக, யாராலும் கெடாத ஒரு நிதானமான 'தான்' எல்லோருக்குள்ளும் உண்டு என்பது ஷ்வார்ட்ஸ் வாதம். இதைக் கேட்டதும் நம்மூர்க்காரர்கள் சிலர் "இது ஆத்மாதானே" என்று குஷியாகிவிடுகிறார்கள். எனக்கு அந்த அளவுக்கு நம்பிக்கை இல்லை. ஒரு நல்ல நாளில், நன்றாகத் தூங்கி எழுந்து காபி குடித்த பிறகு, யார் மீதும் கோபம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் அந்த நான், அது போதும் வேலைக்கு.

ஒரு அமர்வில் நிஜமாக என்னதான் நடக்கும்?

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காது. நாற்காலியில் கண்ணை மூடியோ தரையைப் பார்த்தோ உட்கார்ந்திருப்பீர்கள். அந்த வாரம் எரிச்சலூட்டிய ஒரு விஷயத்தைச் சொல்லச் சொல்வார்கள். சொல்லும்போது உடம்பில் எங்கே தெரிகிறது என்று கேட்பார்கள். எனக்குத் தொண்டையில். அங்கேயே கொஞ்ச நேரம் கவனத்தை வைக்கச் சொல்வார்கள். அப்புறம் ஒரு கேள்வி வரும், மொத்த சிகிச்சையும் அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது என்று நான் சொல்வேன்: "இப்ப அந்த ஆளைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது?"

முதல் தடவை நான் சொன்ன பதில், "அது செத்து ஒழியணும்னு தோணுது." சிகிச்சையாளர் சிரிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. "சரி, ஒழியணும்னு நினைக்கிறதும் ஒரு ஆள்தான். அவங்களைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்ல முடியுமா?" என்றார். கோபத்தோடு பேசினால் உள்ளே இருக்கும் எந்த ஆளும் வாயைத் திறக்க மாட்டார்கள், வெளியே இருக்கும் மனிதர்கள் மாதிரியேதான். அந்த வெறுப்பு ஒதுங்கி, 'இது ஏன் இப்படித் திட்டுது' என்று லேசாக ஒரு ஆர்வம் வர எனக்கு ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் காசு வீண் என்று நினைத்தேன்.

ஆறாவது வாரம் அந்தத் திட்டுகிற ஆளிடம், "நீங்க திட்டலைன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?" என்று கேட்டேன். பதில் வார்த்தையாக வரவில்லை, சத்தமாக வந்தது. டிவிஎஸ் ஃபிஃப்டி சத்தம். அப்பா குடித்துவிட்டு வரும்போது தெருமுனையில் அந்த வண்டிச் சத்தம் கேட்கும். கேட்டதிலிருந்து வாசலுக்கு வர இரண்டு நிமிஷம் இருக்கும். அந்த இரண்டு நிமிஷத்தில் நோட்டு எடுத்து வைத்தாயா, செருப்பு நேராக இருக்கிறதா, மூஞ்சி கழுவினாயா என்று இந்த ஆள் என்னை விரட்டுவாள், அப்பா கண்ணில் குறை படுவதற்கு முன்னால் அவளே கண்டுபிடித்துவிட்டால் அடி குறையுமே என்று. முப்பது வருஷமாக எனக்கு எதிரி என்று நினைத்தவள் பார்த்துக்கொண்டிருந்த வேலை அது.

அவளிடம் கேட்ட அடுத்த கேள்வி, "இப்ப எந்த வருஷம்னு நினைக்கிறீங்க?" 1994 என்று உடனே வந்தது. நான் மூன்றாம் வகுப்பு. அப்பா இறந்து ஒன்பது வருஷம் ஆனது அவளுக்குத் தெரியவே தெரியாது.

அந்தத் திட்டுகிற குரலை அடக்கினால் என்ன? 'பாசிட்டிவா யோசி' என்கிறார்களே?

அடக்கிப் பாருங்கள், இன்னும் சத்தமாகத் திட்டும். காவல்காரரை அடித்து விரட்டினால் வீட்டுக்குள் இருப்பவர் இன்னும் பயப்படுவார், அவர் பயப்படுவதைப் பார்த்துக் காவல்காரர் இன்னும் பெரிய தடியோடு திரும்பி வருவார்.

எந்த மொழியில் பேச வேண்டும்?

இதை யாரும் கேட்பதில்லை, நானே சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் என் ஆரம்ப வாரங்கள் இதிலும்தான் போயின. நகரத்தில் பல சிகிச்சையாளர்கள் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள், நானும் ஆங்கிலத்தில் அழகாகப் பதில் சொல்லுவேன், ஆனால் ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எங்கே இங்கிலீஷ் தெரியும்? ஆங்கிலம் என் 'மேனேஜர்' கற்றுக்கொண்ட மொழி. உள்ளறையில் இருக்கிறவளுக்குக் கரூர்ப் பக்கத்துத் தமிழ்தான் தெரியும், அதுவும் எங்கள் ஆத்தா பேசுகிற மாதிரி "ஏஞ்சாமி" என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்த்தாள்.

அதோடு நீயா நீங்களா என்ற பிரச்சினை. ஆங்கிலத்தில் இது இல்லை, நமக்கு உண்டு. திட்டுகிறவளை நான் முதலில் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன், பதிலுக்கு 'டி' போட்டுத்தான் பேசினாள். 'நீங்க' என்று மாற்றிய அன்று அவள் குரல் இறங்கியது. உங்கள் சிகிச்சையாளருக்குத் தமிழ் வராவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே நீங்கள் தமிழில் பேசிக்கொண்டு வெளியே சுருக்கத்தை மட்டும் சொல்லலாமா என்று கேளுங்கள். என்னுடையவர் "தாராளமா" என்றார்.

எனக்கு உள்ளே ஒன்றுமே தெரியவில்லை, படமும் இல்லை குரலும் இல்லை. நான் தகுதி இல்லாதவனா?

சிலருக்குப் படம் வரும், சிலருக்கு வயிற்றில் ஒரு கனம் மட்டும் வரும், சிலருக்கு வெறும் மூட்டம். மூட்டமும் ஒரு ஆள்தான். 'இங்கே பார்க்க ஒன்றும் இல்லை, போ' என்று கதவை மறைத்துக்கொண்டு நிற்கிறார், அவரோடே பேச ஆரம்பிக்கலாம். சிலர் வீட்டுச் சாமான்களை வைத்து, உப்பு டப்பா இது, புளி டப்பா அது என்று மேசையில் அடுக்கி, யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று பார்ப்பதும் உண்டு.

நடந்ததையெல்லாம் ஞாபகப்படுத்திச் சொல்லியே ஆக வேண்டுமா?

வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-ல் எழுதிய வரிசை இன்றும் பலர் பின்பற்றுவது: முதலில் பாதுகாப்பு, அப்புறம்தான் நினைவும் துக்கமும், அதன் பிறகு மற்ற மனிதர்களோடும் வாழ்க்கையோடும் சேருவது. இன்னமும் அடிக்கிற வீட்டிலேயே இருந்துகொண்டு பழைய அடியைத் தோண்டக் கூடாது. தூக்கம், சாப்பாடு, கால் தரையில் படுவதை உணர்ந்து நிகழ்காலத்துக்குத் திரும்புகிற பழக்கம், இவை முதலில். காவல்காரர்கள் சம்மதிக்காமல் உள்ளறைக்குப் போகவே கூடாது.

இதில் நான் சூடுபட்டிருக்கிறேன். இவருக்கு முன்னால் போன ஒரு கவுன்சிலர் இரண்டாவது சந்திப்பிலேயே "உங்க உள்ளே இருக்கிற குழந்தையைக் கட்டிப்பிடிங்க" என்றார். கட்டிப்பிடித்தேன், ஓவென்று அழுதேன், அவருக்கும் திருப்தி. அன்று ராத்திரியிலிருந்து பத்து நாள் ஆபீஸ் போக முடியவில்லை. கேட்காமல் கதவை உடைத்ததற்குத் தீயணைப்பு வீரர்கள் வேலையைக் காட்டினார்கள்.

இன்னொன்று. அமர்வில் வருகிற காட்சி எல்லாம் வீடியோ பதிவு இல்லை. மனசு பழையதோடு புதியதைக் கலந்து தைத்துவிடும். "உங்களுக்கு இப்படித்தான் நடந்திருக்கணும்" என்று சிகிச்சையாளர் கதையை எடுத்துக் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்காவில் 1980-களிலும் 90-களிலும் அப்படி எடுத்துக் கொடுத்து, நடக்காத கொடுமைகளை நடந்ததாக நம்பிக் குடும்பங்கள் உடைந்து வழக்குகள் வரை போன வரலாறு இருக்கிறது.

எங்கள் ஊரில் இதைப் பேய் பிடித்தது, சாமி வந்தது என்பார்களே?

சாமி வருவதையும் நோயையும் ஒன்றாக்காதீர்கள். திருவிழாவில் பம்பைச் சத்தத்தில் சாமி வந்து, குறி சொல்லி, திருநீறு போட்டதும் மலையேறிவிட்டால், ஊரே அதை ஏற்றுக்கொண்டால், அதை மருத்துவமும் நோய் என்று சொல்வதில்லை. அந்த இடத்துக்கு வெளியே, அவர் விரும்பாமலே வந்து, அவர் வாழ்க்கையைக் குலைத்தால்தான் அது நோய்க் கணக்கில் வரும். என் பெரியம்மாவுக்குக் கல்யாணமான புதிதில் 'பிடித்தது'. பிடித்த நேரத்தில் மட்டும்தான் மாமியாரை எதிர்த்துப் பேசுவாராம். வேப்பிலை அடித்தார்களே தவிர, அவர் என்ன பேசினார் என்று ஒருத்தரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

அறிவியல் ஆதாரம் உண்டா?

நேர்மையாகச் சொன்னால், கொஞ்சம்தான். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலுக்கு உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்தவை வேறு: நிகழ்வை மையப்படுத்திய சிபிடி (நினைப்பையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை), அப்புறம் கண் அசைவை வைத்துச் செய்யும் இஎம்டிஆர். ஐஎஃப்எஸ்ஸுக்கு, மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாத நோயாளிகளிடம் செய்த ஒரு சோதனை 2013-ல் வெளியானது. சிறுவயதுக் கொடுமைகளுக்கு ஆளானவர்களிடம் செய்த ஒரு முன்னோட்ட ஆய்வில் இருந்தவர்கள் வெறும் 17 பேர், ஒப்பிட்டுப் பார்க்க மறுதரப்புக் குழுவும் இல்லை. முடிவு நல்லபடியாக வந்தது என்பதற்காக 17 பேரை வைத்துக்கொண்டு 'நிரூபிக்கப்பட்ட சிகிச்சை' என்று போர்டு மாட்ட முடியாது. எனக்குப் பலித்தது, உங்களுக்கு இஎம்டிஆர் பலிக்கலாம். பல சிகிச்சையாளர்கள் இரண்டையும் கலந்தே செய்கிறார்கள்.

மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் செய்யலாமா?

நிறுத்தாதீர்கள். எனக்கு மாத்திரை தூக்கத்தைச் சரிசெய்ததால்தான் உட்கார்ந்து பேசவே முடிந்தது.

வீட்டில் தனியாகச் செய்து பார்க்கலாமா?

காவல்காரர்கள் வரை செய்யலாம். திட்டு ஆரம்பித்தால், "நான் தண்டம்" என்பதை "என்னைத் தண்டம்னு சொல்ற ஒரு ஆள் இப்ப வந்திருக்காங்க" என்று நோட்டில் மாற்றி எழுதிப் பாருங்கள். வாக்கியம் மட்டும்தான் மாறுகிறது, ஆனால் மூச்சு விட இடம் கிடைக்கும். உள்ளறைப் பக்கம் மட்டும் தனியாகப் போகாதீர்கள். சாகச் சொல்கிற ஆள் உள்ளே இருந்தால் அவரோடு தனியாகப் பேரம் பேச வேண்டாம், யாரையாவது கூப்பிடுங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம். இலங்கையில் 1926.

நல்ல சிகிச்சையாளரை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும், பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். வாரக்கடைசி வொர்க்‌ஷாப் சான்றிதழை மட்டும் சுவரில் மாட்டியிருப்பவரிடம் ஜாக்கிரதை. நான் கேட்கச் சொல்லும் ஒரே கேள்வி: "நான் நடுவுல மரத்துப் போயிட்டா என்ன செய்வீங்க?" தெரிந்தவர் உடனே பதில் சொல்வார், தெரியாதவர் தத்துவம் பேசுவார்.

அப்பாவை மன்னிக்கச் சொல்வார்களா?

என்னுடையவர் ஒரு நாளும் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் என் சித்திதான்.

கடைசியில் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் ஒன்றாகிவிடுவார்களா? திட்டுவதும் உறைவதும் நின்றுவிடுமா?

யாரும் காணாமல் போகவில்லை. திட்டுகிறவளுக்கு இப்போது வேறு வேலை கொடுத்திருக்கிறேன், மாதக் கடைசியில் வவுச்சர் சரிபார்க்கும்போது அவளைத்தான் கூப்பிடுவேன், ஒரு பைசா தப்பினாலும் பிடித்துவிடுவாள். உள்ளறையில் இருந்த சின்னவள் மாடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு இருக்கிற மாதிரிதான் இப்போதெல்லாம் தோன்றும். முன்னே மாதிரி கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கவில்லை.

போன வாரம் மேனேஜர் "ஒரு நிமிஷம் வாங்க" என்றார். கை சில்லிட்டது, காது லேசாக அடைத்தது. "அது வண்டிச் சத்தம் இல்ல சாமி, ஏசி சத்தம்" என்று உள்ளே சொல்லிவிட்டு எழுந்து போனேன். ஜிஎஸ்டி ஃபைல் எங்கே என்று கேட்டார். எங்கே இருக்கிறது என்று சொன்னேன்.